தாயின் ஓய்வும் சேயின் மனமும்



குழந்தைக்குப் பால் வேண்டும், உடை வேண்டும், தடுப்பூசி வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. அழுதவுடன் வாரியெடுக்க ஒரு கை வேண்டும் என்பதைத்தான் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அழும்போதெல்லாம் பழகிய முகம் ஒன்று குனிந்து நோக்குமானால், இவ்வுலகம் நம்பத்தக்கது என்னும் எண்ணம் குழந்தையின் உள்ளத்தில் வேரூன்றுகிறது. அச்சத்தை அடக்குவதற்கும் பிறரோடு இணங்கி வாழ்வதற்கும் அதுவே பிற்காலத்தில் துணையாகிறது என்பர் உளநூலார்.

இங்கிலாந்து நாட்டு மருத்துவர் ஜான் பௌல்பி, 1951இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் வாயிலாக வெளியிட்ட அறிக்கையில் இதை விரிவாக ஆராய்ந்தார். சேய் தாயைச் சார்ந்திருப்பது போலவே, தாயும் பொருளாதார ஆதரவுக்குச் சமுதாயத்தைச் சார்ந்திருக்கிறாள் என்பது அவர் கருத்து. அரசாங்கத்தின் பண உதவிக்கும் தொட்டிலுக்கும் உள்ள தொடர்பு இதுவே.

நம் நாட்டில், 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், கருவுற்ற தாய்மார்க்கு 6,000 ரூபாய்க்குக் குறையாத மகப்பேற்று உதவியை விதித்தது. 2017இல் வந்த பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டம் முதற் குழந்தைக்கு 5,000 ரூபாய் வழங்கியது. இரண்டாவது பெண்மகவாயின் 6,000 ரூபாய் என்று 2022இல் சேர்க்கப்பட்டது. கூலி இழப்பை ஓரளவு ஈடுசெய்து, தாய்க்குப் போதிய ஓய்வளிப்பதே இதன் நோக்கம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். அதே 2017இல், சட்ட வரம்புக்குட்பட்ட நிறுவனங்களில் பணிபுரியும் பெண்களுக்குச் சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்பு 26 வாரங்களாக உயர்ந்தது. கல் சுமக்கும் தாயும் அத்தனை நாள் குழந்தையருகில் இருக்க விரும்பினால், 5,000 ரூபாய் நாளொன்றுக்கு ஏறத்தாழ 27 ரூபாயாகும். அதை நம்பி எந்தத் தாய் வேலைக்குப் போகாதிருப்பாள்?

பணம் மட்டுமே குழந்தையின் மனத்தை வளர்த்துவிடும் என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் 2018இல் தொடங்கிய ஓர் ஆய்வில், வறிய தாய்மார் ஆயிரவரில் ஒரு சாரார்க்கு மாதம் 333 டாலரும், மறுசாரார்க்கு 20 டாலரும் அளித்தனர். குழந்தைகள் நான்கு வயதெய்தியபோது மொழியிலோ, நடத்தையிலோ, உணர்ச்சியிலோ குறிப்பிடத்தக்க வேற்றுமை தென்படவில்லை. இதனால் உதவி வீண் என்று முடிவுகட்டலாகாது. பணம் தானே சென்று குழந்தையை அணைப்பதில்லை. அணைக்கும் தாய்க்கு அது நேரத்தை வாங்கித் தருகிறதா என்பதே கேள்வி.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு இது இன்னும் நெருங்கிய செய்தி. பிள்ளையை வாங்கிக்கொள்ளப் பாட்டி அருகில் இல்லை; அத்தை இல்லை. பக்கத்துக் கட்டடத்தில் வேலைசெய்யும் நம்மூர்ப் பெண்ணுக்கோ, உதவி கோரும் படிவத்தின் மொழியே விளங்குவதில்லை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் அறிந்த உண்மை ஒன்றுண்டு: புரியாத மொழியில் எழுதப்பட்ட உரிமை, இல்லாத உரிமைக்குச் சமம். அவளை அருகிலுள்ள அங்கன்வாடிக்கு அழைத்துச் சென்று, அந்தப் படிவத்தைப் படித்துச் சொல்ல நமக்கு அரைமணி நேரம் போதும். இது பிச்சையன்று, சட்டம் வகுத்த உரிமை என்பதையும் அப்போதே சொல்லிவிடுவோம்.