நெருக்கமா? நெருக்கடியா?

(“அலுவலக விருந்துகள் தருவது நெருக்கமே! நெருக்கடியே!” என்னும் பட்டிமன்றத்தில் ‘நெருக்கடியே’ அணியில் பேசியது)



எதிரணித் தலைவர் ஒரு பெரிய சாட்சியைக் கூட்டிக்கொண்டு வந்தார். யாரு? ஔவையார்! கொஞ்சமாகக் கள் கிடைத்தால் அதியமான் அதைத் தன்னைச் சேர்ந்தவர்களுக்கே கொடுத்துவிடுவான் என்று புறநானூறு சொல்கிறதாம். “சங்க காலத்திலேயே ஆபீஸ் பார்ட்டி இருந்தது” என்கிறார். ஐயா, ஔவை சொன்னது உண்மைதான். ஆனா எப்போ சொன்னாங்க? அதியமான் இறந்த பிறகு, அழுதுகொண்டே சொன்னாங்க! நம்ம மேனேஜர் மாற்றலாகிப் போனா அழறோமா? அன்னிக்குத்தானே உண்மையான பார்ட்டியே வைக்கிறோம்! (சிரிப்பு, கைதட்டல்)

நான் பார்த்ததைச் சொல்றேன். என் பழைய மாணவர் ஒருவர் நாகப்பட்டினம் பக்கம் ஒரு கம்பெனியில் மேனேஜர். “ஐயா, ஆண்டு முடிவு விருந்து. நீங்க நாலு வார்த்தை பேசணும்” என்றார். எங்கே? காரைக்காலில்! ஏன் காரைக்கால்? நாகூர் தாண்டி வாஞ்சூர் வந்துவிட்டால் புதுச்சேரி எல்லை. 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட மண். அங்கே சரக்கு விலை குறைச்சல். விருந்தோம்பலில் இப்படி ஒரு சிக்கனம்! (சிரிப்பு)

போனேன். பழைய பாணியில் அலங்கரித்த மதுக்கூடம். பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன், வால்வு ரேடியோ, மங்கல் விளக்கு. கிராமபோன் பக்கத்தில் காதை வைத்தேன். சத்தமே இல்லை. பாட்டு மேலே ஒளித்து வைத்த ஸ்பீக்கரிலிருந்து வருது! நன்னாரி சர்பத் கேட்டேன். கிளாஸ் விளிம்பில் ஒரு குட்டிக் குடை செருகிக் கொடுத்தான். வெளியே மழையில் நிற்கிற செக்யூரிட்டிக்குக் குடை இல்லை, சர்பத்துக்குக் குடை! (சிரிப்பு)

மேனேஜர் மைக்கைப் பிடித்து, “இன்னிக்கு இங்கே பெரியவன் சின்னவன் கிடையாது, நாம எல்லாம் ஒரே குடும்பம்” என்றார். அப்போது தோணிச்சு, கிராமபோன் மாதிரிதான் இந்தக் குடும்பமும். பார்வைக்கு இருக்கு, பாட்டு வேறெங்கிருந்தோ வருது.

மூலையில் ஒரு பையன். ஸ்டோர்ஸில் வேலை. மேனேஜர் கையில் திணித்த கிளாஸைப் பிடித்தபடி நிற்கிறான். ஐஸ் எல்லாம் கரைஞ்சு போச்சு. “ஏன் தம்பி?” என்றேன். அப்பாவைக் குடியில் பறிகொடுத்தவனாம். மெல்லச் சொன்னான்: “ஐயா, இதைக் குடிச்சா எங்கம்மா முன்னாடி நிக்க முடியாது. குடிக்கலேன்னா திங்கட்கிழமை இவர் முன்னாடி நிக்க முடியாது.”

நடுவர் அவர்களே, இதற்குப் பெயர் நெருக்கமா? நெருக்கடியா? (பலத்த கைதட்டல்)

அதோடு போச்சா? மேனேஜருக்குக் கார் இருக்கு, டிரைவர் இருக்கார். இவனுக்கு இருப்பது ஒரு பைக், ராத்திரி பதினொரு மணி, இருட்டுச் சாலை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் சட்டப்படி வண்டி ஓட்டக் கூடாது. ஊற்றிக் கொடுத்தவர் வந்து அபராதம் கட்டுவாரா? லாரி மோதினால் அந்தத் தாய்க்கு யார் பதில் சொல்வது?

நான் என்ன செய்தேன்? என் சர்பத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு அவன் கிளாஸை நான் வாங்கிக்கொண்டேன். இரண்டும் ஒரே நிறம்! அவன் ஒரே மூச்சில் குடித்தான். தூரத்திலிருந்து பார்த்த மேனேஜர், “சபாஷ்!” என்று கை தட்டினார். அப்போதுதான் அந்தப் பையன் முதல் தடவையாகச் சிரித்தான். ஆனா ஒண்ணு... கையில் கிளாஸோடு நான் நின்ற படம், நான் வீடு போய்ச் சேருமுன்னே என் வீட்டம்மா செல்போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது! (நீண்ட சிரிப்பு)

அதே காரைக்காலில் இன்னொரு விருந்து நடந்தது. பசியோடு ஒரு சிவனடியார் வந்தார். சோறு வெந்திருந்தது, கறி ஆகவில்லை. புனிதவதியார், கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனியில் ஒன்றை இலையில் வைத்தார். அவர்தான் காரைக்கால் அம்மையார். இன்றைக்கும் ஆனி மாதத்தில் அந்த ஊர் மாங்கனியை வாரி இறைத்துத் திருவிழா கொண்டாடுகிறது. அம்மையார் வந்தவரின் பசியைப் பார்த்தார். நம் அலுவலக விருந்து, வந்தவன் கையில் கிளாஸ் இருக்கிறதா என்று பார்க்கிறது.

வேண்டாம் என்று சொல்ல உரிமை இருக்கிற இடத்தில்தான் வா என்ற அழைப்புக்கு மரியாதை உண்டு. அந்த உரிமை இல்லாத விருந்து, சம்பளம் இல்லாத ஓவர்டைம்! ஆகவே, அலுவலக விருந்துகள் தருவது நெருக்கடியே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவரை வேண்டி அமர்கிறேன். (கைதட்டல்)