சொல்லக் கூசும் அரிப்பு

தலைவலி வந்தால் ஊரறியச் சொல்லுகிறோம். பல்வலி என்றால் அடுத்த வீட்டு அம்மையார்கூட ஒரு கிராம்பைக் கொண்டுவந்து தருகிறார். ஆனால் அக்குளிலோ, தொடையிடுக்கிலோ, இடுப்பைச் சுற்றியோ தோல் சிவந்து எரியத் தொடங்கினால் மட்டும் நாம் வாய் திறப்பதில்லை. விடுதி மாணவர் தம் அறைத்தோழரிடம் சொல்லுவதில்லை. பெண்கள் பெற்ற தாயிடங்கூடக் கூசுகின்றனர். மறைப்பதனால் நோய் முற்றுவது ஒருபுறம் இருக்கட்டும். மறைவிலேயே மருந்து தேடும் வழக்கமும் இன்று வளர்ந்துவிட்டது. அது நோயைவிடக் கேடானது. ஆகையால் இதனை வானொலியில் வெளிப்படையாகவே பேசிவிடுவது நல்லது.

நம் உடலில் 20 முதல் 40 இலட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உண்டு. முதுகில் சுரக்கும் வியர்வை காற்றுப்பட்டு ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. மடிப்புகளுக்குள்ளோ காற்று நுழைவதில்லை. அங்கே தேங்கும் ஈரத்தில் தோல் ஊறுகிறது. நெடுநேரம் துணி துவைத்தவரின் விரல் நுனியைப் போல மெத்தென்று ஆகிறது. அந்த நிலையில் ஒரு மைல் நடந்தால் போதும், தோலோடு தோல் உராய்ந்து மேற்பரப்பு கழன்றுவிடும். வியர்வையின் உப்பு அதன்மேல் பட்டவுடன் எரிச்சல் எழுகிறது. பருவம் எய்தும் வயதில் அக்குளிலும் அரையிலும் வேறுவகைச் சுரப்பிகளும் வேலை செய்யத் தொடங்குகின்றன. இவ்வுபாதை உங்கள் வயதினருக்குப் புதிதாகத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதனை அழுக்கென்று எண்ணி நாருங் கையுமாகத் தேய்ப்போர் பலர். நலமுள்ள தோலின் மேற்பரப்பு சற்றே புளிப்புத் தன்மை உடையது. கிருமிகள் பெருகாமல் தடுப்பதில் அதற்கும் பங்குண்டு. சோப்போ பெரும்பாலும் காரம். ஒரு நாளில் மூன்று முறை சோப்பிட்டுத் தேய்த்தால் காவற்காரனை நாமே அடித்து விரட்டியதாக ஆகும். குளிர்ந்த நீரால் அலம்பி, மெல்லிய பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, சிறிது நேரம் காற்றுப்பட விட்டு, அதன்பின் உடுத்துவதே முதல் வைத்தியம். இதற்குக் காசும் வேண்டுவதில்லை.

அரிப்பென்று ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுவது ஒரே நோயும் அன்று. கத்திரி வெயிலில் வரும் வேர்க்குரு, வியர்வைக் குழாயின் வாய் அடைபடுவதனால் உண்டாவது. நுங்கு நீரும் சந்தனக் குழம்பும் இதற்கு நம் வீடுகளில் வழங்கிவருவன. அவை இதம் தருவது மெய்யே. அவற்றிலுள்ள நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்லுகிறது. நனைத்துப் பிழிந்த துணியும் அதே வேலையைச் செய்யும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சந்தனத்தைத் தடிப்பாக அப்பி உலரவிட்டால் அடைபட்ட துளைகள் மேலும் அடைபடும்.

வெறும் உராய்வினால் வந்த எரிச்சலாயின், நெடுந்தூரம் நடப்பதற்கு முன் மெல்லியதாகப் பூசிய தேங்காயெண்ணெய் உராய்வைக் குறைக்கும். ஊறிக் கசியும் தோலுக்கு எண்ணெய் ஆகாது. அங்கே ஈரத்தை அது சிறைப்படுத்தும். முகப்பூச்சுத் தூளும் வியர்வையோடு சேர்ந்து கட்டியாகி, மணல்போல் அறுக்கும். நம் பாட்டனார் உடுத்திய வேட்டிக்குக் காற்றோட்டம் என்னும் பெருமை ஒன்று உண்டு. உடலைக் கவ்விப் பிடிக்கும் செயற்கை இழைக் காற்சட்டைக்கு அது இல்லை. சென்னை போன்ற ஈரக்காற்று ஊர்களில் அதனை நாள் முழுதும் அணிவோர் அதற்குரிய வரியைச் செலுத்தியே தீர வேண்டும். பெண்கள் பாவாடை நாடாவை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டாமல், அகன்ற பட்டையாக்கித் தளர்த்திக் கட்டுதல் நன்று. மாதவிலக்கு நாட்களில் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கொரு முறை துணியையோ அணையாடையையோ மாற்றவேண்டும்.

இனி, படர்தாமரை. வட்டமாகத் தோன்றி, ஓரம் தடித்துச் செதிலுதிர்த்து, நடுவில் ஆறினாற்போல் காட்டி, வெளிநோக்கிப் பரவுவது இது. தோலின் மேலடுக்கைத் தின்று வாழும் ஒருவகைப் பூஞ்சையே காரணம். இத்தகைய பூஞ்சைகள் மனிதத் தோலில் நோய் விளைவிக்கும் என்பதை டேவிட் குரூபி என்பார் 1841-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில், தலைத்தோல் நோயொன்றை ஆராய்ந்து விளக்கினார். வண்டுகொல்லி எனப்படும் சீமையகத்தியின் இலையை நம்மவர் நெடுங்காலமாக இதற்கு அரைத்துப் பூசி வந்திருக்கின்றனர். அவ்விலையில் பூஞ்சையை ஒடுக்கும் பொருள் இருப்பது உண்மை. ஆயினும் அரைத்த விழுதில் அதன் அளவு எவ்வளவென்று யாரும் அறியார். மென்மையான இடங்களில் அது புண்ணாக்கவும் கூடும். பூண்டு தோலைச் சுட்டுவிடும். எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் கொப்புளமும் கருந்தழும்பும் உண்டாகும். இவ்விரண்டையும் ஒருபோதும் தீண்டற்க.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து மருந்துக் கடையில் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டில் கார்ட்டிசோன் என்னும் பொருள் முடக்குவாத நோயாளிகளுக்கு வியப்பூட்டும் நலந்தந்தது. 1950-இல் அவ்வாராய்ச்சிக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1952-இல் அவ்வினத்து மருந்தொன்று தோலின்மேல் பூசுங் களிம்பாகவும் பயன்பட்டது. ஸ்டீராய்டு எனப்படும் இவ்வினம் உரிய நோய்க்கு அமுதம். படர்தாமரைக்கோ அது நஞ்சு. சிவப்பையும் அரிப்பையும் இரண்டே நாளில் அடக்குவதனால் நோய் போயிற்றென்று நாம் மகிழ்கிறோம். உண்மையில் அடங்கியது, பூஞ்சையை எதிர்த்துப் போராடிய நம் உடலின் படைதான். எதிர்ப்பில்லாத பூஞ்சை உள்ளுக்குள் பரவுகிறது. களிம்பை நிறுத்தினால் முன்னிலும் பன்மடங்காக வெடிக்கிறது. தொடையிடுக்கின் தோல் நைந்து, வாழ்நாள் முழுதும் மறையாத வரித்தழும்புகள் விழுவதும் உண்டு.

இந்தியாவில் இத்தீங்கு எவ்வளவு பெருகியது என்றால், இவ்வகைக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென்று 2018-இல் அரசு விதி செய்யவேண்டியதாயிற்று. வழக்கமான மருந்துக்கு அடங்காத ஒரு பூஞ்சையினத்துக்கு 2020-இல் நம் நாட்டின் பெயரையே சேர்த்து டிரைக்கோபைட்டான் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். பெருமைப்படத்தக்க பெயரன்று. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்னும் பெயர்களுள் ஒன்று குழாயின் மேல் இருந்தால், மருத்துவர் தாமே எழுதித் தந்தாலன்றி அதனைத் தொடாதீர்கள்.

படர்தாமரைக்குரிய மருந்தை, மறைந்ததுபோல் தோன்றிய பின்னும் மருத்துவர் குறித்த வாரங்கள் வரை பூசவேண்டும். உள்ளாடைகளை வெந்நீரில் தனியே துவைத்து, உட்புறம் வெளியே தெரியத் திருப்பி, வெயிலில் உலர்த்துங்கள். விடுதியில் அறைக்குள் கொடி கட்டி, பாதி ஈரத்தோடு எடுத்து உடுத்துவது பெருங்கேடு. துண்டை இரவல் கொடுப்பதும் வாங்குவதும் வேண்டாம். அரைஞாண் கயிறு பூஞ்சைக்கு நல்ல உறைவிடம். குணமாகும் வரையிலேனும் அதனைக் களைந்துவிட வேண்டும். வீட்டில் இன்னொருவருக்கும் இருப்பின் இருவரும் ஒரே காலத்தில் மருந்து செய்துகொள்ளவேண்டும்.

இரவில் அரிப்பு மிகுந்து, விரலிடுக்கிலும் பரவி, வீட்டார் பலருக்கும் இருந்தால் அது சிரங்காக இருக்கலாம். மடிப்புகளில் புண் அடிக்கடி திரும்ப வருமாயின் நீரிழிவு உண்டோவென்று இரத்தத்தைச் சோதிப்பது முறை. சீழ், காய்ச்சல், கொப்புளம் ஆகியவை தோன்றினாலோ, உலர்வாக வைத்தும் ஒரு வாரத்தில் குறையாவிட்டாலோ, அரசு மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கே நாள்தோறும் பார்க்கும் நோய் இதுவே. உங்களைக் கண்டு யாரும் நகைக்கப் போவதில்லை. செல்லும் நாளில் எதனையும் பூசிக்கொண்டு போகவேண்டாம். செதிலைச் சுரண்டி நுண்பெருக்கியில் பார்க்க வேண்டியிருக்கும். இதுவரை பூசிய குழாய்களை மட்டும், காலியானதாயினும், தவறாமல் உடன் எடுத்துச் செல்லுங்கள்.