தனுஷ்கோடியில் அலறுவது யார்?

(துடியலூர்ப் பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இவ்வூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு இராமேசுவரம் போய்வந்த தோழர்கள் சிலர் நம்மிடம் ஒரு சமாச்சாரம் சொன்னார்கள். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் மாதா கோவிலுக்குள் இருட்டினால் அழுகுரல் கேட்கிறதாம். கடல் கொண்டுபோன ரயிலின் ஊதல்கூடக் கேட்கிறதாம். அதனால்தான் பொழுது சாயுமுன் போலீசார் ஜனங்களை அனுப்பிவிடுகிறார்களாம். "சர்க்காரே ஒப்புக்கொண்ட பேயை நீங்கள் எப்படி இல்லை என்பீர்கள்?" என்று நம்மை மடக்கினார்கள்.

நல்லது, சர்க்காரையே சாட்சிக்கு அழைப்போம். ராஜஸ்தானத்துப் பான்கட் கோட்டையிலும், சூரியன் மறைந்தபின் நுழையாதே என்று தொல்பொருள் இலாகா வைத்த பலகையைப் பேய்க்குக் கொடுத்த சர்ட்டிபிகேட் என்கிறார்கள். அந்த இலாகாவின் சின்னங்கள் பொதுவாக உதயம் முதல் அஸ்தமனம் வரைதான் திறந்திருக்கும் என்பது 1959-ம் வருஷத்து விதி. நம் செஞ்சிக் கோட்டையையும் மாலையில் பூட்டுகிறார்கள். பாங்கியைக்கூடத்தான் பூட்டுகிறார்கள். அங்கெல்லாம் பேயா குடியிருக்கிறது? தனுஷ்கோடியிலோ இருபக்கமும் கடல். இருட்டில் அலை இழுத்தால் தூக்க ஆள் ஏது?

சத்தம் கேட்கிறதே என்பீர்கள். கேட்கும். கூரையில்லாத சுவர், கதவில்லாத ஜன்னல், ஓயாத கடற்காற்று. வீட்டுக்குப் போய்க் காலிப் புட்டியின் வாயில் ஊதிப் பாருங்கள், உங்கள் வீட்டிலும் ஒரு பேய் அகப்படும். (சிரிப்பு) பேயிலும் ஜாதி வைத்தவர்களல்லவா நாம்! பார்ப்பனர் செத்தால் பிரம்மராட்சசன், மற்றவன் செத்தால் வெறும் பிசாசு.

ஆனால் தோழர்களே, அங்கே செத்தது நிஜம். 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைப் புயலலை அடித்துக்கொண்டு போயிற்று. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டவரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்தப் புயலில் ரயிலை ஏன் விட்டார்கள், கரையிலிருந்தவர்களுக்கு யார் எச்சரிக்கை சொன்னார்கள் என்றல்லவா நாம் கேட்டிருக்க வேண்டும்? பேய் என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. உடைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். ஊரையோ மனிதர் வாழத் தகுதியற்றதென்று கைவிட்டார்கள்.

கைவிட்ட ஊரில் மீனவக் குடும்பங்கள் இன்றும் குடிசை போட்டு இருக்கின்றன. மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிக்கிறார்கள். நாம் போயிருந்தபோது கருவாடு விற்ற ஓர் அம்மாளிடம், ராத்திரியில் பேய் உண்டா என்று கேட்டோம். "பேய்க்குப் பயந்தா கடலுக்கு எப்படிங்க போறது?" என்று சொல்லிவிட்டு, கருவாடு வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார்கள். வாங்கிக்கொண்டு வந்தோம்.

சந்தேகம் கேட்க விரும்பும் தோழர்கள் இப்போது கேட்கலாம்.