சோயா உருண்டையும் நம் பிள்ளைகளின் கறிச்சோறும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் உணவைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். பசித்த வயிற்றோடு அமர்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது ஆசிரியத் தொழிலில் நாம் நாள்தோறும் காணும் உண்மை. 1920ஆம் ஆண்டில் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் பகலுணவு வழங்கத் தொடங்கியதும், 1982ஆம் ஆண்டில் சத்துணவுத் திட்டம் பிறந்ததும் இவ்வுண்மையை உணர்ந்ததனாலேயே.

நம் சங்கத்து விடுதியின் சமையற்கட்டில் அண்மையில் இரண்டு வினாக்கள் எழுந்தன. கறி விலை ஏறிவிட்டபடியால், ஞாயிற்றுக்கிழமைக் கறியைச் சிறிது குறைத்து அதனோடு சோயா உருண்டையைச் சேர்க்கலாமா என்பது ஒன்று. கறியை அறவே நிறுத்திவிட்டுச் சோயாவையே தரலாமா என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் அவற்றிற்குரிய விடைகள் வேறு வேறு. அதனை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

சிறிதளவு கறியைப் பலர் உண்ணும்படி பெருக்குவது நமக்குப் புதிதன்று. கறிக்குழம்பில் மொச்சைக் கொட்டையைச் சேர்ப்பதும், கருவாட்டோடு கத்தரிக்காயையும் மொச்சையையும் கூட்டுவதும் நம் தாய்மார்கள் அறிந்த கலை. இசுலாமியப் பெருமக்களின் தால்சாவில் எலும்பும் பருப்பும் ஒன்றாக வேகின்றன. அன்னையர் அடுப்படியில் செய்ததையே இன்று ஆலையில் செய்த சோயாவைக் கொண்டு செய்ய முற்படுகிறோம்.

மளிகைக் கடைகளில் மீல் மேக்கர் என்னும் பெயரால் விற்கப்படும் இவ்வுருண்டை எவ்வாறு உண்டாகிறது? சோயா மொச்சையிலிருந்து எண்ணெயைப் பிரித்தெடுத்தபின் எஞ்சுவதை மாவாக்கி, நீர் சேர்த்து, மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் எந்திரத்தின் சிறு துளை வழியே தள்ளுகின்றனர். வெளியே வந்ததும் மாவு பொரிபோல் உப்பி, இழையிழையாகக் கடற்பஞ்சு போன்ற வடிவம் பெறுகிறது. பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் சில உண்டு. அவற்றின் பெரும்பகுதி இவ்வெப்பத்தில் அழிந்துவிடுகிறது.

இனி, சத்துக் கணக்கைக் காண்போம். உலர்ந்த சோயா உருண்டை 100 கிராமில் ஏறத்தாழ 50 கிராம் புரதம் உண்டு. கொழுப்பு நீக்கிய இறைச்சி 100 கிராமில் சுமார் 20 கிராம் உண்டு. இதனைக் காட்டிச் சோயா இறைச்சியினும் இரு மடங்குக்கு மேல் சிறந்தது என்று சொல்வார் உளர். ஆனால் உலர்ந்த உருண்டையை யாரும் உண்பதில்லை. நீரில் ஊறியபின் அதன் எடை ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. அப்போது 100 கிராமில் உள்ள புரதம் 17 கிராம் அளவே. ஆகவே ஊறிய சோயா, புரத அளவில் இறைச்சிக்குச் சற்றே குறைந்தது என்பதே நேரிய கணக்கு. அதுவும் சிறிய பெருமையன்று.

புரதத்தின் தரத்திலும் சோயா தாழ்ந்ததன்று. நம் அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. சோயாவில் அது நிறைய உண்டு. சோயாவில் குறைவான மெத்தியோனின் அரிசியில் போதிய அளவு இருக்கிறது. ஆகவே சோறும் சோயாவும் ஒன்றன் குறையை ஒன்று நிறைவு செய்கின்றன.

எனினும் புரதம் மட்டுமே உணவாகிவிடாது. வைட்டமின் பி12 என்னும் சத்து இறைச்சி, ஈரல், மீன், முட்டை, பால் ஆகியவற்றில் உண்டு. செயற்கையாகச் சேர்த்தாலன்றிச் சோயாவில் இல்லை. இச்சத்துக் குறைந்தால் இரத்தசோகையும் நரம்புத் தளர்ச்சியும் வரும். அடுத்தது இரும்புச்சத்து. சோயாவில் இரும்பு உண்டு. ஆயினும் அதிலுள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் அவ்விரும்பைப் பிணித்துக்கொள்வதால் குடல் அதனை முழுமையாக உறிஞ்ச முடிவதில்லை. இறைச்சியின் இரும்போ எளிதில் உடலிற் சேரும். அதுமட்டுமன்று, தட்டில் சிறிது இறைச்சி இருப்பின் தாவர உணவிலுள்ள இரும்பும் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகையுற்றவர்கள். இத்தகைய நாட்டில், வளரும் பெண்பிள்ளையின் தட்டிலிருந்து கறியை எடுத்துவிட்டுப் புரதக் கணக்கை மட்டும் காட்டுவது அறமாகுமா?

சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன் அவர்களின் ஆய்வையும் இங்கு நினைவுகூர்தல் வேண்டும். புரதப் பற்றாக்குறையே உலகின் பெருங்குறை என்று பலரும் பேசிய காலத்தில், ஏழைக் குழந்தைக்கு முதலில் வேண்டுவது வயிறார உணவே என்று அவர் வற்புறுத்தினார். அவரும் உடனாய்வாளர்களும் 1973இல் வெளியிட்ட ஆய்வு, வெப்ப ஆற்றலைக் கூட்டும் உணவை அளித்தாலே மெலிந்த குழந்தைகளின் வளர்ச்சி மேம்படுவதைக் காட்டிற்று. சோறு போதாத உடல் புரதத்தையும் விறகாக எரித்துவிடும். ஆதலின் சோயாவைச் சேர்க்கிறோம் என்று சோற்றின் அளவைக் குறைத்தல் கூடாது.

ஐக்கிய அமெரிக்காவில் 1971ஆம் ஆண்டில் பள்ளி மதிய உணவின் இறைச்சியில் இத்தகைய தாவரப் புரதத்தைக் கலக்க அரசு இசைவளித்தது. செல்வம் மிகுந்த அந்நாட்டிலும் ஓர் எல்லை வகுத்தனர்: ஊறிய நிலையில் கலவையின் நூற்றுக்கு 30 பங்கு வரை மட்டுமே. அவ்வெல்லையை நம் விடுதிக்குப் பொருத்திப் பார்ப்போம். 50 மாணவர்க்கு எலும்பு நீக்கிய கறி 5 கிலோ எனில், ஒருவருக்கு 100 கிராம். புரதம் 20 கிராம். கறியை மூன்றரைக் கிலோவாக்கி, உலர்ந்த சோயா அரைக் கிலோவை ஊறவைத்து ஒன்றரைக் கிலோவாக்கிச் சேர்த்தால் மொத்தம் அதே 5 கிலோ. ஒருவருக்குக் கறியிலிருந்து 14 கிராமும் சோயாவிலிருந்து 5 கிராமுமாகப் புரதம் 19 கிராம் கிடைக்கிறது. இழப்பு ஒரு கிராமே. மிச்சப்படும் பணத்தில் வாரத்தின் மற்றொரு நாளில் முட்டையோ மீனோ வழங்கலாம். இதுவே சிக்கனத்தின் சரியான பயன்.

சமைக்கும் தாய்மார்களுக்கு ஒரு சொல். உருண்டைகளைக் கொதிநீரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, பச்சைத் தண்ணீரில் ஒரு முறை அலசிய பின் குழம்பில் இடுங்கள். பச்சை வாடையும், வயிற்றில் வாயுவை உண்டாக்கும் பொருள்களும் பெரிதும் குறையும். உண்ணும்போது எலுமிச்சைச் சாறு சில துளி சேர்த்தால் இரும்புச்சத்து உடலிற் சேர்வதற்குத் துணைபுரியும். சோயா ஒவ்வாத பிள்ளைகள் சிலர் இருப்பர். அவர்களைக் கேட்டறிந்து விலக்குங்கள்.

இறுதியாக ஒன்று. உண்ணும் உணவைக் கொண்டு மனிதரை உயர்ந்தோர், தாழ்ந்தோர் என வகுத்த நாடு இது. அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டப்படாதோர் பற்றிய நூலில், மாட்டிறைச்சி உண்ணும் வழக்கத்திற்கும் தீண்டாமையின் தோற்றத்திற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட நம் முன்னோர்க்குக் கைக்கெட்டிய உயர்ந்த புரதம் அவ்விறைச்சியே. அதனை உண்டே உழைத்தனர். அதனை உண்டதற்காகவே பழிக்கவும்பட்டனர். இன்றும் தன் வீட்டில் என்ன கறி என்று வகுப்பில் சொல்லக் கூசும் பிள்ளைகள் உளர். சோயா தூய்மை, கறி இழிவு என்று யாரேனும் அவர்களுக்குச் சொன்னால், அது சத்தியல் அன்று. பழைய சாதியின் குரலே ஆகும்.

ஆகவே நம் விடுதிக்கு நாம் பரிந்துரைப்பது இதுவே: கறியோடு சோயா சேரட்டும், நூற்றுக்கு முப்பது பங்கைத் தாண்டவேண்டா, சோறு குறையவேண்டா, மிச்சமாகும் ஒவ்வொரு காசும் முட்டையாகவும் மீனாகவும் பிள்ளைகளின் தட்டுக்கே திரும்பட்டும். சோயா உருண்டை கறியை நீட்டிப்பதற்கே அன்றி நீக்குவதற்கன்று. இதனை நிருவாகக் குழு ஏற்று நடைமுறைப்படுத்துமாறு கேட்டுக்கொண்டு அமைகின்றோம்.