சுதேசி என்றால் போதுமா? சாவி யார் கையில்?

(தென்காசியில் நடந்த வாலிபர் கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



சாரல் காலத்தில் குற்றாலம் போகிறோம். ஐந்தருவியின் கீழ் வக்கீலும் நிற்கிறார், பீடித் தொழிலாளியும் நிற்கிறார். நாளை ஒரு கம்பெனி அருவியைச் சுற்றி வேலி போட்டு, "குளிக்க வாடகை கொடு" என்றால் சும்மா இருப்போமா? கம்ப்யூட்டர் உலகில் அந்த வேலி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது.

மென்பொருள் என்பது யந்திரத்துக்கு மனிதன் எழுதித் தரும் கட்டளை. அந்த எழுத்துத்தான் மூல நிரல். பகாசுரக் கம்பெனிகள் நிரலைப் பூட்டி வைத்துக்கொண்டு வாடகை வசூலிக்கின்றன. நம் கடிதமும் கணக்கும் உள்ளே என்ன பாடுபடுகின்றன என்று சோதித்துப் பார்க்க நமக்கு வழியில்லை. இலவசமாகத் தரும் கம்பெனிகளோ, நம் கவனத்தையே விளம்பரக்காரருக்கு விற்று லாபம் குவிக்கின்றன.

மாற்று உண்டு. 1983-ல் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். இவற்றின் நிரலை எவரும் உபயோகிக்கலாம், படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் தரலாம். உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் கூடி உழைத்து வளர்த்த பொதுச் சொத்து இது. இந்த லினக்ஸ் மீதுதான் கூகிள் தன் ஆண்ட்ராய்டைக் கட்டி லாபம் பார்க்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

நம் ஊர்ச் சங்கதிக்கு வருவோம். மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ கம்பெனி இயங்குகிறது. நம் பிள்ளைகள் சென்னைக்கு ரயில் ஏறாமல் இங்கேயே வேலை பெற்றனர். இதை நாம் குறைத்துப் பேசவில்லை. மத்திய சர்க்கார் ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் இக்கம்பெனியின் தளத்துக்கு மாற்றப்பட்டதாக 2025-ல் செய்தி வந்தது. "சுதேசி" என்ற முழக்கம் எழுந்தது. அமெரிக்கக் கம்பெனிகளின் பிடி தளர்வது நல்லதே. ஆனால் ஸோஹோ விற்கும் மென்பொருளும் மூடிய மென்பொருளே. பூட்டு உள்ளூரில் செய்தது என்பதால் சாவி நம் கைக்கு வந்துவிடுமா?

சுதேசி என்ற சொல்லின் மதிப்பு நம் திருநெல்வேலிச் சீமைக்குத் தெரியும். 1906-ல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908-ல் வெள்ளையர் அவரைச் சிறையில் தள்ளினர். கம்பெனி நொடித்தது, கப்பல்கள் விலை போயின. எவ்வளவு நல்லவர் தொடங்கினாலும் கம்பெனி கைமாறும். எல்லோர் கையிலும் உள்ள நிரலை எவரும் விலைக்கு வாங்கிப் பூட்ட முடியாது.

நடக்கிற காரியமா என்று கேட்போர் செங்கோட்டை தாண்டிக் கேரளத்தைப் பார்க்கட்டும். அங்கே சர்க்கார் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளில் பாடம் நடத்துகின்றன. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களில் இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-ல் அம்மாநிலத்தின் கைட் நிறுவனம் கணக்குச் சொன்னது. பணத்தைவிடப் பெரிய லாபம், மாணவர் யந்திரத்தின் உள்ளே பார்க்கக் கற்பது.

எனவே நாம் கோருவது இதுதான்: மக்கள் வரிப்பணத்தில் சர்க்கார் வாங்கும் மென்பொருளின் நிரல் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் கட்டற்ற மென்பொருள் வர வேண்டும். மத்தளம்பாறையில் வேலை செய்யும் இளைஞர்களே, ஓய்வு நேரத்தில் ஒரு பங்கைத் தமிழுக்கான கட்டற்ற மென்பொருளுக்குக் கொடுங்கள்.

போராடினால் பலன் உண்டு. பேஸ்புக் கம்பெனி தான் பொறுக்கிய தளங்களை மட்டும் இலவச இன்டர்நெட் என்று ஏழைகளுக்குக் காட்டப் பார்த்தது. லட்சக்கணக்கானோர் எதிர்த்து எழுதினர். 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் அத்தகைய கட்டண பேதத்துக்குத் தடை விதித்தது. அந்த ஒற்றுமை மீண்டும் தேவை, தோழர்களே!