டாக்டர் பட்ட ஆராய்ச்சியை முடிப்பது எங்ஙனம்?

(தேனியில் நமது சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பத்தாம் வகுப்பில் மிகுந்த மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்கு நாம் பரிசளிக்கின்றோம். கல்லூரியிற் சேரும் ஏழைப் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் தருகின்றோம். நம்மவருள் ஒருவர் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குப் பதிவு செய்துகொண்டார் என்று கேள்வியுற்றால் அன்றே மாலையிட்டு மகிழ்கின்றோம். ஆனால் அதன்பின் நான்கைந்து வருஷகாலம் அப்பிள்ளை என்ன பாடுபடுகின்றது என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. பதிவு செய்துகொண்டு, பாதிவழியில் நின்று, பட்டம் பெறாமலே வேறு வேலைக்குச் சென்றுவிட்டவர்கள் உண்டு. அவர்கள் அறிவிற் குறைந்தவர்கள் என்று எண்ணுவது பெருந்தவறு. தொடங்குவதற்கு வேண்டிய துணை அவர்களுக்குக் கிடைத்தது. முடிப்பதற்கு வேண்டிய துணை கிடைக்கவில்லை. ஆகையால் இன்று முடிப்பதைப் பற்றியே பேச விரும்புகின்றேன்.

நான் சொல்லவந்தது ஒன்றுதான். ஆய்வேடு என்பது மாதந்தோறும் சிறிது எழுதி, எழுதியதைப் பிறரிடம் காட்டித் திருத்திக்கொள்ளும் வழக்கத்தால் முடிவது. அவ்வழக்கத்தை மேற்கொள்வது மாணாக்கரின் கடமை. அதற்கு இடங்கொடுப்பது வீட்டாரின் கடமை. அது தளராமற் பார்த்துக்கொள்வது சங்கத்தின் கடமை.

ஆய்வேடு என்றால் என்ன?

தாய்மார்கள் பலருக்கு இக்கேள்வி எழுவது இயல்பு. விடியுமுன் எழுந்து ஜீப்பில் ஏறிக் கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குச் சென்று, பொழுது சாய்ந்தபின் திரும்பும் தாய், "என் மகள் இன்னுமா படிக்கிறாள்?" என்று கேட்டால் அதற்கு நாம் தெளிவாக விடை கூறவேண்டும்.

பி.ஏ., எம்.ஏ. வகுப்புக்களிற் பாடத்தை மற்றொருவர் வகுத்துத் தருகின்றார்; வினாவையும் அவரே கேட்கின்றார். டாக்டர் பட்டத்திலோ வினாவையும் மாணாக்கரே கண்டுபிடிக்க வேண்டும். விடைக்குரிய சான்றுகளையும் தாமே தேடவேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட விதிகளின்படி இதற்குக் குறைந்த காலம் 3 ஆண்டுகள். மிகுந்த காலம் 6 ஆண்டுகள். மறுபதிவின் பேரில் மேலும் 2 ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்குமேல் இன்னும் 2 ஆண்டுகள் சலுகை உண்டு. மகப்பேற்றுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாட்கள் வரை விடுமுறையும் உண்டு. உத்தியோகத்தில் இருப்போர் பகுதிநேரமாகவும் ஆராய்ச்சி செய்யலாம். முதலிற் சில பாடங்களை முடித்துத் தேர்வு எழுதவேண்டும். பின்னர்ப் பருவந்தோறும் ஆலோசனைக் குழுவின் முன் தம் வேலையை எடுத்துரைக்க வேண்டும். முடிவில், ஆய்வேட்டை வெளியாராகிய அறிஞர் குறைந்தது இருவர் படித்து மதிப்பிடுவர். அவர்கள் இசைந்தபின் வாய்மொழித் தேர்வு நடைபெறும்.

இவ்வளவும் உள்ள வேலை ஐந்து வருஷம் பிடிப்பதில் வியப்பில்லை. "இன்னுமா?" என்று கேட்கும் அன்னைக்கு இதுவே விடை.

தலைப்பைக் கவாத்து செய்தல்

ஆராய்ச்சி பாதியில் நிற்பதற்கு முதற்காரணம் தலைப்பின் பெருமை. "கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயம்" என்று ஒருவர் தலைப்பு எடுத்துக்கொண்டார் எனக் கொள்வோம். நெல் உண்டு, திராட்சை உண்டு, வாழை உண்டு, தென்னை உண்டு. மலைமேல் ஏலமும் மிளகும் உண்டு. எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது? ஆறு ஆண்டுகள் அன்று, அறுபது ஆண்டுகளும் போதா.

நம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது யாவரும் அறிந்ததே. அத்தோட்டக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். பந்தல் முழுதும் கொடி படர்ந்து பச்சென்று இருப்பதைக் கண்டு அவர்கள் மயங்குவதில்லை. காலமறிந்து கவாத்து செய்கின்றார்கள். வெட்டிய கொடியிலேதான் பழக்குலை இறங்குகிறது. அதுபோல, பரந்த தலைப்பை வெட்டி, "பெரியாற்று நீர் வந்தபின் எங்கள் ஊரில் ஒரு கால்வாயின் நீர்ப்பங்கீடு எவ்வாறு மாறியது?" என்று ஒற்றைக் கேள்வியாக்கிக் கொண்டால் வேலை கைக்கு அடங்கும். பெரியாற்று அணை 1895-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஆகவே தொடக்கம் உண்டு. ஓர் ஊர் என்பதால் எல்லை உண்டு. கால்வாயின் தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் இன்றும் உளர் என்பதால் கேட்டறிய ஆள் உண்டு.

சிறிய எல்லையிற் பெரிய நூல் பிறக்கும் என்பதற்குச் சான்று நம் அருகிலேயே இருக்கிறது. பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஜெர்மனியிற் போர்க்கைதியாக இருந்தவர். அந்நிலையிலும் ஓர் ஆசிரியரை அடுத்துச் சமஸ்கிருதம் பயின்றவர். பிற்பாடு தமிழ்நாட்டுக்கு வந்து, மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் மரபினரிடையே தங்கி, அவர்கள் ஒரு பிரிவினரைப் பற்றி மட்டுமே ஆராய்ந்தார். 1957-ஆம் ஆண்டு பிரெஞ்சு மொழியில் வெளிவந்த அந்நூல் உலகமெங்கும் மானிடவியல் மாணாக்கர் படிக்கும் நூலாயிற்று. இந்தியா முழுவதையும் பற்றிப் பேசும் நூலை அவர் அதன் பின்னரே எழுதினார்.

படிப்படியாக எழுதுதல்

இரண்டாவது காரணம், சேகரித்துக்கொண்டே இருந்து எழுதுவதைத் தள்ளிப்போடுதல். குறிப்பேடுகள் நிறையும், நகலெடுத்த தாள்கள் பெட்டியில் நிறையும், "எல்லாம் சேர்ந்தபின் எழுதுவேன்" என்று மாணாக்கர் சொல்வார். எல்லாம் சேரும் நாள் வருவதில்லை. இருபது பக்கங்கள் எழுதிப் பார்த்தால்தான் இன்னும் எது தேவை, எது தேவையில்லை என்பது விளங்கும்.

டாக்டர் மு. வரதராசனார் அவர்களின் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். திருப்பத்தூரில் தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து, நோயினால் அவ்வேலையை விட்டவர். தாமே பயின்று 1935-இல் வித்துவான் தேர்வில் தேறினார். 1939-இல் பி.ஓ.எல்.; 1944-இல் எம்.ஓ.எல்.; 1948-இல் டாக்டர் பட்டம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் டாக்டர் பட்டம் பெற்றவர்களில் அவரே முதல்வர் என்பர். ஒவ்வொரு படிக்கும் நான்கைந்து ஆண்டுகள் ஆயின. இவ்வளவுக்கும் இடையில் ஆசிரியப் பணியும் செய்தார், நாவல்களும் எழுதினார். சங்க இலக்கியம் முழுவதையும் தலைப்பாக எடுத்துக்கொள்ளாமல், அதில் இயற்கை கையாளப்பட்ட முறை ஒன்றையே அவர் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். அவர் 1971 முதல் 1974-இல் மறையும் வரை துணைவேந்தராக வீற்றிருந்த பல்கலைக்கழகம், நம் மதுரைப் பல்கலைக்கழகமே.

மூன்றாவது காரணம் நாணம். எழுதியது நன்றாயில்லையே என்று கூசி மாணாக்கர் நெறியாளரைச் சந்திப்பதைத் தவிர்க்கின்றார். ஒரு மாதம் இரண்டாகும்; இரண்டு ஆறாகும். பிறகு முகம் காட்டவே அச்சம். வீட்டுக்கு வரவும் மனமில்லை. இந்நோய்க்கு மருந்து ஒன்றே: மாதத்தில் ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு, அன்று கையில் உள்ளது பத்துப் பக்கமாயினும் ஐந்து பக்கமாயினும், நிறைவாயினும் குறையாயினும், நெறியாளரிடம் கொடுத்துவிடுதல். குறையுள்ள பக்கத்தைத் திருத்தலாம். எழுதாத பக்கத்தைத் திருத்த யாராலும் ஆகாது.

நம் பள்ளத்தாக்கைப் பற்றிய ஓர் ஆய்வேடு

இந்தப் பள்ளத்தாக்கையே களமாகக் கொண்டு எழுதப்பட்ட ஆய்வேடு ஒன்றைப் பற்றி நீங்கள் அறியவேண்டும். அமெரிக்காவில் ஒரு தமிழ்க் குடும்பத்திற் பிறந்து வளர்ந்த ஆனந்த் பாண்டியன் என்பார், கலிபோர்னியாவிலுள்ள பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்காகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து தங்கி ஆராய்ந்தார். 1910-களில் பிரமலைக் கள்ளர் மரபினர்மீது குற்றப் பரம்பரைச் சட்டம் ஏவப்பட்டது. 1920-ஆம் ஆண்டு பெருங்காமநல்லூரில் அச்சட்டத்தை எதிர்த்தவர்கள் துப்பாக்கிக்கு இரையாயினர். சென்னை மாகாணத்தில் 1947-இலேதான் அது நீங்கியது. அக்காலத்து அதிகாரிகள் "இவர்களை உழவிலே பழக்கினால் திருந்துவர்" என்று எழுதிவைத்தனர். ஆனந்த் பாண்டியன் அவ்வதிகாரிகளின் ஏடுகளைப் படித்தார். அத்தோடு நில்லாமல், வயலில் நிற்கும் குடியானவர்கள் உழைப்பு, அடக்கம், நாகரிகம் என்னும் சொற்களைத் தம் வாழ்க்கைக்கு எவ்வாறு பொருத்திப் பேசுகின்றனர் என்பதையும் பொறுமையோடு கேட்டார். இரண்டையும் எதிரெதிர் வைத்து ஆராய்ந்தமையே அந்த ஆராய்ச்சியின் வலிமை. பட்டம் பெற்றபின் அதை மேலும் திருத்தி, 2009-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நூலாக வெளியிட்டார்.

இதில் மாணாக்கர் அறியவேண்டிய பாடம், ஆய்வேடு வாழ்நாளின் கடைசி நூலன்று என்பது. தேர்வாளர் ஏற்கும் அளவுக்கு முடித்துக் கொடுங்கள். மெருகேற்றப் பின்னால் காலம் உண்டு.

பெரியோர் அறியவேண்டிய பாடம் வேறு. நம் ஊர்களைப் பற்றிய பழைய ஏடுகளிற் பெரும்பகுதி வரிவசூல் அதிகாரியும் போலீஸ் அதிகாரியும் எழுதியவை. அவை சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஏட்டில் உள்ளது நிற்கும். நம் பாட்டனார் வாய்மொழியாகச் சொன்னது அவரோடு போய்விடும். அதைக் கேட்டு, சான்றோடு எழுதி, தேர்வாளர் முன் நிலைநிறுத்த நம் பிள்ளைகள் முன்வந்து, பாதியிலே நின்றுவிட்டால், நம்மைப் பற்றி எஞ்சுவது அவ்வதிகாரிகளின் சொல்லேயாகும். பாரிஸிலிருந்தும் கலிபோர்னியாவிலிருந்தும் அறிஞர் வந்தது நமக்குப் பெருமை. சின்னமனூரிலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஆய்வேடுகள் புறப்படாமற் போனால் அது நமக்குக் குறை.

வீட்டாருக்கு ஒரு விண்ணப்பம்

கலியாண வீடுகளில் ஆராய்ச்சி மாணாக்கரைக் கண்டவுடன், "எப்போது முடியும்? எப்போது வேலை?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். "இந்த மாதம் எந்த அத்தியாயம் எழுதுகிறாய் அம்மா?" என்று கேளுங்கள். முதற்கேள்வி அவளை ஒளிந்துகொள்ளச் செய்யும். இரண்டாவது கேள்வி எழுதச் செய்யும்.

பெண்மக்களின் நிலையைத் தனியே சொல்லவேண்டும். ஆராய்ச்சியின் மூன்றாம், நான்காம் ஆண்டும் கலியாணப் பேச்சும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. கலியாணம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. சம்பந்தம் பேசும்போதே, "பெண் ஆய்வேட்டை முடிக்கும் வரை நாள்தோறும் சில மணி நேரம் எழுதுவாள், அதற்கு இடையூறு கூடாது" என்று இரு வீட்டாரும் சபையில் ஒப்புக்கொள்ளட்டும். நகைக்கும் சீர்வரிசைக்கும் பேசுகிற நாம் இதற்கும் பேசினால் என்ன?

பணமும் ஒரு தடையே. தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெறுவோருக்கு, 2023 ஜனவரி முதல், முதலிரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் 42,000 ரூபாயும் என்று விதிக்கப்பட்டது. அதைப் பெறாதவர்களே பலர். பெற்றாலும் ஐந்தாண்டில் அது நின்றுவிடும். எழுதி முடிக்கும் கடைசிக் காலமே கையில் பணமில்லாத காலமாகிவிடுகிறது.

சங்கத்தாருக்கு மூன்று யோசனைகள்

முதலாவது, உபகாரச் சம்பளத்தில் ஒரு பகுதியைச் சேரும் மாணாக்கருக்குக் கொடுப்பதோடு, முடிக்கும் நிலையில் உள்ளவர்களுக்கென்று ஒதுக்குங்கள். ஓர் ஆண்டின் சாப்பாட்டுச் செலவும் அச்சுச் செலவும் ஒரு பட்டத்தைக் காப்பாற்றக்கூடும்.

இரண்டாவது, சங்கக் கட்டடத்தில் ஓர் அறையைக் கணிப்பொறியோடு படிப்பறையாக்குங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் பல, சோத்கங்கா என்னும் களஞ்சியத்தில் இணையம் வழியே இலவசமாகக் கிடைக்கின்றன. முடித்தவர்கள் எங்ஙனம் எழுதினார்கள் என்பதைத் தேனியில் இருந்தபடியே காணலாம். மாதம் ஒருமுறை அவ்வறையில் மாணாக்கர் பத்துப் பக்கம் வாசிக்க, மற்றவர் கேட்கட்டும்.

மூன்றாவது யோசனை பெரியோர்களுக்குக் கசப்பாக இருக்கலாம். பொறுத்தருள வேண்டும். நம் பிள்ளைகளில் ஒருவர் நம் ஊரைப் பற்றியோ நம் சமூகத்தைப் பற்றியோ ஆராய்ந்தால், அதைப் புகழ்மாலையாக எதிர்பார்க்கலாகாது. வீட்டிலுள்ள பழைய பத்திரங்களையும் கணக்குப் புஸ்தகங்களையும் காட்டுங்கள். ஆனால் "இதை எழுது, இதை எழுதாதே" என்று கட்டளையிடாதீர்கள். நிலத் தகராறும், நாம் பிறருக்குச் செய்த தீங்கும் ஏட்டில் இருந்தால் அவையும் எழுதப்பட வேண்டியவையே. புகழை மட்டும் எழுதிய ஆய்வேட்டை வெளியூர்த் தேர்வாளர் திருப்பி அனுப்புவார். அவ்வாறு அனுப்புவது நியாயமே. உண்மையை எழுதிய நூலில் நம்மைப் பற்றிய நல்ல சொல் ஒன்று இருந்தாலும், அதை உலகம் நம்பும்.

வாலிப நண்பர்களே! உங்கள் பதிவுக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். இன்னும் எத்தனை மாதம் உண்டு என்று எண்ணுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது பத்துப் பக்கம் கொண்டுவாருங்கள். கேட்பதற்கு நாங்கள் இருக்கின்றோம்.