பணிவைக் களைந்த வினைச்சொல்



ஜப்பானிய மொழி கற்கத் தொடங்கும் அயல்நாட்டாருக்குப் பாடநூல்கள் பெரும்பாலும் முதலில் கற்பிப்பது பணிவு வடிவத்தையே. அவ்வடிவில் வினைச்சொல் ‘மஸு’ என்று முடியும். இறுதி உகரம் ஏறத்தாழ ஒலிப்பதில்லை. குற்றியலுகரம் அறிந்த தமிழ்ச் செவிக்கு இது புதுமையன்று. ‘யொமிமஸு’ என்றால் படிக்கிறேன், படிக்கிறாள், படிப்பார்கள் என எதுவாகவும் இருக்கலாம். திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி அம்மொழி வினைக்கு இல்லை. மாணவர் சில மாதங்களில் இதில் தேர்ந்துவிடுகிறார். பிறகு ஒருநாள் கவிதை நூலொன்றைத் திறக்கிறார். ‘மஸு’வைக் காணோம். அகராதியைப் புரட்டுகிறார், அங்கும் காணோம். ‘யொமு’ என்பதே அகராதிச் சொல்.

ஒன்றிலிருந்து மற்றொன்றை வருவிக்கும் விதி சுருக்கமானது. ‘மஸு’வை நீக்கியபின் எஞ்சுவது எகரத்தில் முடிந்தால் ‘ரு’ சேர்த்தால் போதும்: உண்ணுதலைக் குறிக்கும் ‘தபெமஸு’, ‘தபெரு’ ஆகும். இகரத்தில் முடிந்தால் பெரும்பாலும் அவ்விகரம் உகரமாகத் திரியும். ‘யொமி’, ‘யொமு’ ஆகும். பேசுதலைக் குறிக்கும் ‘ஹனஷி’, ‘ஹனஸு’ ஆகும். காத்திருத்தலைக் குறிக்கும் ‘மச்சி’, ‘மத்ஸு’ ஆகும். ‘செய்’, ‘வா’ என்னும் பொருளுடைய இரண்டு மட்டும் முறை பிறழ்ந்தவை: ‘ஷிமஸு’, ‘ஸுரு’ ஆகும், ‘கிமஸு’, ‘குரு’ ஆகும்.

‘பெரும்பாலும்’ என்று கூறப்பட்டதில்தான் இடர்ப்பாடு ஒளிந்திருக்கிறது. இகரத்தில் முடிந்தும் உகரமாகத் திரியாமல் ‘ரு’ பெறும் வினைகள் சில உண்டு. ‘ஒக்கிமஸு’ என்பது பொருளை வைத்தலாயின் ‘ஒக்கு’. துயில் எழுதலாயின் ‘ஒக்கிரு’. அதனினும் வியப்புக்குரியது ‘இக்கிமஸு’. அது போதலாயின் ‘இக்கு’, உயிர்வாழ்தலாயின் ‘இக்கிரு’. பணிவோடு பேசும் ஜப்பானியர் வாயில் ‘போகிறேன்’ என்பதும் ‘உயிர் வாழ்கிறேன்’ என்பதும் ஒரே ஒலி. சீனத்திலிருந்து வந்த எழுத்தில் எழுதினால் வேறுபாடு கண்ணுக்குப் புலப்படும். காதால் கேட்டாலோ, ஒலியெழுத்தாகிய கனாவில் மட்டும் எழுதினாலோ புலப்படாது. சுருதியும் கைகொடுப்பதில்லை. அகராதி வடிவில் வினைக்கு வினை வேறுபடும் சுருதி, ‘மஸு’ சேர்ந்தவுடன் எல்லா வினைக்கும் ‘ம’ என்னும் எழுத்தின்மேல் வந்து அமர்ந்துவிடுகிறது. ஆகவே இன்ன சொல் என்று முன்பே அறிந்தவருக்கே விதி பயன்படும். அறியாதவர், வாழ்பவரைப் பயணம் அனுப்பிவிடக்கூடும்!

மறுதலையும் உண்டு. வெட்டுதலும் உடுத்தலும் அகராதியில் ‘கிரு’ என ஒன்றுபோல் நிற்கும். பணிவு வடிவில் முன்னது ‘கிரிமஸு’, பின்னது ‘கிமஸு’ எனப் பிரியும். அந்தக் ‘கிமஸு’ மீண்டும் ‘வருகிறேன்’ என்பதோடு மயங்கும்.

இனி, பணிவு யாருக்கு என்பது. ‘வந்தார்’ என்று தமிழில் சொன்னால் மதிப்பு வந்தவருக்கு. ‘மஸு’ தரும் மதிப்போ கேட்பவருக்கு. மழை பெய்கிறது என்பதைக்கூட அவர்கள் பணிவாகச் சொல்வார்கள். மழையிடம் பணிவன்று, எதிரே நிற்பவரிடம். பேச்சுத் தமிழில், சிறப்பாகக் கொங்குநாட்டில், ‘மழை பெய்யுதுங்க’ என்னும்போது அந்த ‘ங்க’ செய்யும் வேலை இதுவே. (பேராசிரியர் சுசுமு ஓனோ இரு மொழிகளுக்கும் உறவு கூறினார், மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. இங்கே கூறப்படுவது அவ்வுறவன்று.)

எனவே ‘மஸு’வைக் களைவது ஒரு விகுதியைக் களைவது மட்டுமன்று, கேட்பவரை அவையிலிருந்து விலக்குவதுமாகும். எஞ்சிய வடிவத்தைப் பாடநூல்கள் சில ‘சாதாரணப் பேச்சு வடிவம்’ என்கின்றன. அது பாதி உண்மை. நண்பரிடையே அது நெருக்கம்; செய்தித்தாளிலும் நாட்குறிப்பிலும் அது நெருக்கமும் அன்று, அலட்சியமும் அன்று; யாரையும் நோக்காத கூற்று. அப்பெயரை நம்பிக் கவிதையின் வினையைக் கொச்சைத் தமிழில் பெயர்ப்பவர் இல்லாத குரலொன்றை அதற்குள் புகுத்துகிறார்.

1887இல் ஃபுதபதெய் ஷிமெய் ‘உகிகுமோ’ நாவலைப் பேச்சுமொழி தழுவி எழுதத் தொடங்கியபோது, வாக்கியத்தை எப்படி முடிப்பது என்பதே அக்கால எழுத்தாளரின் பெரும் வினாவாக இருந்தது. அவர் பணிவற்ற ‘த’ என்னும் முடிவைக் கொண்டார். யமதா பிம்யோ பணிவுடைய ‘தெஸு’வைக் கொண்டார். பாஷோவுக்கு இச்சிக்கல் இல்லை. அவர் பழைய இலக்கிய நடையில் எழுதியவர். அந்நடையில் ‘இக்கிரு’வின் முற்று வடிவமே ‘இக்கு’ என்பது இன்றைய அகராதியோடு அவரை அணுகுவோர் நினைவிற்கொள்ள வேண்டியது.

1916இல் பாரதியார் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதிய நாள்முதல் தமிழுக்கு ஐக்கூ பெரிதும் ஆங்கிலம் வழியே வந்தது. ஆங்கில வினையில் கேட்பவருக்கான பணிவுக்கு இடமில்லை; ஆகவே மூலத்தில் அது இருந்ததா இல்லையா என்பது தமிழ் வாசகரை எட்டியதேயில்லை.

களையக்கூடாத இடமும் உண்டு. மியாஸாவா கெஞ்ஜி 1924இல் வெளியிட்ட சிறுவர் கதைகளில் ‘மஸு’ நடை நிறைந்திருக்கிறது. காட்டில் வழிதவறியோர் கதை, அருகில் அமர்ந்த பிள்ளைக்குச் சொல்லப்படுவதாக ஒலிப்பது அதனால்தான். தமிழில் ‘நடந்தார்கள்’ என்று எழுதியவுடன் அந்தப் பிள்ளை எழுந்து போய்விடுகிறது. ‘நடந்தாங்க’ என்றாலும் மதிப்பு நடந்தவர்களுக்கே போகும். அச்சுத் தமிழின் வினையில் அப்பிள்ளைக்கு இருக்கை இல்லை. மொழிபெயர்ப்பாளர் அதனை விளியிலோ, இடையே வரும் ஒரு ‘கேளுங்கள்’ என்பதிலோதான் அமர்த்த வேண்டியிருக்கிறது.